எஃகுக் கைக்கடிகாரச் சேகரிப்பு

எஃகுக் கைக்கடிகாரச் சேகரிப்பு என்பது, கூடும் செயினும் துருப்பிடிக்காத எஃகினால் ஆன உயர்தரக் கைக்கடிகாரங்களைத் தேர்ந்து வாங்குதல், பேணுதல், தொகுத்தல் ஆகியவற்றைக் குறிக்கும். தங்கக் கடிகாரத்தைப் போல எஃகுக் கடிகாரத்திற்கு உலோக மதிப்பு கிடையாது. 150 கிராம் எடையுள்ள ஓர் எஃகுக் கடிகாரத்தைப் பழைய எவர்சில்வர் விலைக்குப் போட்டால், ஒரு தேநீர் குடிக்கும் அளவுக்கே காசு தேறும். ஆனாலும் பல எஃகுக் கடிகாரங்கள் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்கின்றன; மிக அரிதான சில, ஏலத்தில் பல கோடி ரூபாய்க்குப் போயுள்ளன. செய்நேர்த்தி, அசல் தன்மை, பழுதுபார்க்கும் வசதி, கடிகாரத்தின் வரலாறு ஆகிய நான்குமே இந்த விலையைத் தீர்மானிக்கின்றன. எடையையும் மாற்றையும் பார்த்து நகை வாங்கிப் பழகியவர்களின் கணக்கு இங்கே உதவாது.

தமிழ்நாட்டில் இந்தப் பொருளோடு நெருங்கிய தொடர்புடைய பகுதி பழைய தர்மபுரி மாவட்டமாகும். டைட்டன் கடிகார ஆலை அமைந்துள்ள ஓசூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தாலும், ஆலை தொடங்கப்பட்டபோதும் அதன் முதல் பதினேழு ஆண்டுகளிலும் தர்மபுரி மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

எஃகின் வகைகள்

இரும்புடன் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேரும்போது, உலோகத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. இப்படலமே துருவைத் தடுக்கிறது. கீறல் விழுந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிசனால் படலம் தானாகவே மீண்டும் உருவாகிவிடும். தமிழ்நாட்டுச் சமையலறைகளில் எவர்சில்வர் என்று வழங்கப்படுவதும் இதே எஃகுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கடிகாரங்களில் பொதுவாக மூன்று வகை எஃகு பயன்படுகிறது.

304 வகை: சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்டது. பாத்திரங்களிலும், விலை குறைந்த கடிகாரங்களின் பின்மூடியிலும் செயினிலும் காணப்படும்.

316எல் வகை: இதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் உண்டு. வியர்வையிலும் கடல்நீரிலும் உள்ள உப்பு எஃகில் ஊசித்துளை போன்ற அரிப்பை உண்டாக்கும். மாலிப்டினம் அதை எதிர்க்கிறது. ‘எல்’ என்ற எழுத்து கரிமம் குறைவாக உள்ளதைக் குறிக்கும். நல்ல கடிகாரங்களில் பெரும்பாலானவை இவ்வகை எஃகினால் ஆனவை.

904எல் வகை: குரோமியம், நிக்கல், மாலிப்டினம் மூன்றும் கூடுதலாகவும், சிறிதளவு செம்பும் கொண்டது. ரோலெக்ஸ் நிறுவனம் 1985 முதல் இதைப் பயன்படுத்தி வருகிறது. கடைந்து மெருகேற்றுவது கடினம் என்பதால் செலவு கூடும். அன்றாட உபயோகத்தில் 316எல் எஃகுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது.

எஃகு விலையேறிய வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உயர்ந்த கடிகாரம் என்றால் தங்கக் கடிகாரம்தான். எஃகு, உழைப்பாளிகளுக்கும் படைவீரர்களுக்கும் உரிய உலோகமாகக் கருதப்பட்டது. 1969 டிசம்பரில் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்கலத்தால் இயங்கும், துல்லியமான, விரைவிலேயே மலிவாகிப்போன குவார்ட்ஸ் கடிகாரங்களால் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் சரிந்தது. 1970 அளவில் அங்கே சுமார் 90,000 பேருக்கு வேலை தந்த தொழில், 1980களின் நடுவில் சுமார் 30,000 பேராகச் சுருங்கியது.

அந்த நெருக்கடிக் காலத்தில், 1972ஆம் ஆண்டு ஓட்மார் பிகே நிறுவனம் ‘ராயல் ஓக்’ என்ற எஃகுக் கடிகாரத்தை 3,300 சுவிஸ் பிராங்க் விலையில் வெளியிட்டது. அன்றைய பல தங்கக் கடிகாரங்களைவிட இது விலை கூடுதலாக இருந்தது. ஜெரால்டு ஜென்டா வடிவமைத்த இக்கடிகாரத்தில், எண்கோண முகப்பில் எட்டுத் திருகுகள் வெளிப்படையாகத் தெரிந்தன. செயின், கூட்டோடு ஒன்றிய தொடர்ச்சியாக அமைந்தது. இதன் முதல் மாதிரிகளை வெள்ளைத் தங்கத்தில் செய்தனர். அன்றைய கருவிகளைக் கொண்டு எஃகைச் செதுக்குவதைவிடத் தங்கத்தைச் செதுக்குவது எளிதாக இருந்ததே காரணம். வாங்கியவர் கொடுத்த விலை உலோகத்திற்கானது அல்ல, அந்தக் கடினமான உலோகத்தில் செய்யப்பட்ட வேலைக்கானது. ஜென்டாவே வடிவமைத்த பட்டேக் பிலிப்பின் ‘நாட்டிலஸ்’ 1976இல் வெளிவந்தது.

ஏலங்களிலும் இதே போக்கு தெரிந்தது. பட்டேக் பிலிப்பின் 1518 எண் வகைக் கடிகாரங்களில் பெரும்பாலானவை தங்கத்தில் செய்யப்பட்டவை. எஃகில் செய்யப்பட்டவை நான்கு மட்டுமே அறியப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவாவில் சுமார் 1.1 கோடி சுவிஸ் பிராங்குக்கு ஏலம் போனது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த எஃகு ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் சுமார் 1.78 கோடி அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. முதலாவதன் மதிப்பு அரிதாக இருந்ததால் வந்தது. இரண்டாவதன் மதிப்பு, அதைக் கட்டியிருந்தவரால் வந்தது.

இந்தியாவில் எஃகுக் கடிகாரம்

விடுதலைக்குப் பின் இந்தியாவில் கைக்கடிகாரம் எளிதில் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961இல் பெங்களூருவில் கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. சாவி கொடுத்து ஓடும் ‘ஜனதா’, கறுப்பு டயல் கொண்ட ‘பைலட்’ ஆகியவை நாடெங்கும் பரவின. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கடிகாரங்களையும் அந்நிறுவனம் செய்தது. தமிழ்நாட்டில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்ச் போடுவது வழக்கமானபோது, பல குடும்பங்களில் அந்த வாட்ச் எச்.எம்.டி.யாகவே இருந்தது.

இதற்கு இணையாக இன்னொரு வழியிலும் கடிகாரங்கள் வந்தன. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பியவர்கள் சீக்கோ, சிட்டிசன் ஆட்டோமேட்டிக் கடிகாரங்களைக் கையில் கட்டி வந்தனர். கடத்தி வரப்பட்டவை சென்னை பர்மா பஜார் போன்ற இடங்களில் ‘ஃபாரின் வாட்ச்’ என்ற பெயரில் விற்கப்பட்டன. செயினோடு கூடிய எஃகுக் கடிகாரம் வசதியின் அடையாளமாக ஊர்ப்புறங்களில் பதிந்தது இக்காலத்தில்தான்.

குவார்ட்ஸ் போட்டியில் பின்தங்கி, ஆண்டுக்கணக்கில் நட்டத்தில் ஓடிய எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடுவதற்கு ஒன்றிய அமைச்சரவை 2016 சனவரியில் ஒப்புதல் அளித்தது. அதன் பின்னர் பழைய எச்.எம்.டி. கடிகாரங்களைத் தேடுவோர் பெருகினர். அலமாரிகளில் கிடந்த கடிகாரங்கள் சேகரிப்புப் பொருள்களாயின.

தர்மபுரி மாவட்டமும் ஓசூர் ஆலையும்

1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது தர்மபுரி மாவட்டம். மழை குறைந்த, வேலை தேடி வெளியூர் செல்வோர் மிகுந்த மாவட்டம் இது. அதன் வடமேற்கு மூலையில், பெங்களூருவிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் இருந்த ஓசூரில், தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 1970களில் தொழில் வளாகம் அமைத்தது.

டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் (டிட்கோ) இணைந்து 1984இல் டைட்டன் வாட்சஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தன. டாட்டா இண்டஸ்ட்ரீஸ் என்பதன் முதலெழுத்துகளும் தமிழ்நாடு என்பதன் தொடக்க எழுத்துகளும் சேர்ந்தே ‘டைட்டன்’ என்ற பெயர் அமைந்தது. டிட்கோ தரப்பில் இத்திட்டத்தைத் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவர முனைந்தவர், பின்னாளில் சிந்துவெளி எழுத்து, தமிழ்ப் பிராமி ஆய்வுகளால் புகழ்பெற்ற ஐராவதம் மகாதேவன் ஆவார். நிறுவனத்தை முதலில் வழிநடத்தியவர் செர்க்சஸ் தேசாய். பிரான்சு நாட்டின் பிரான்ஸ் எபோஷ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 1986-87இல் ஓசூர் ஆலையில் குவார்ட்ஸ் கடிகார உற்பத்தி தொடங்கியது. சில ஆண்டுகளில் கடிகாரக் கூடுகளும் ஓசூரிலேயே செய்யப்பட்டன. நிறுவனத்தில் டிட்கோவுக்கு இன்றும் சுமார் 27.9 விழுக்காடு பங்கு உள்ளது.

ஆலையில் வேலை செய்தவர்கள்

கடிகாரம் செய்யும் மரபு ஏதும் இல்லாத ஊரில் ஆலை தொடங்கப்பட்டதால், அனுபவமுள்ள தொழிலாளர்கள் கிடைக்கவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்து இளைஞர்களும் இளம்பெண்களும் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றனர். மாற்றுத்திறனாளிகளையும் நிறுவனம் வேலைக்கு எடுத்தது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் ஓடாத பொருளை, விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த இவர்கள் செய்யக் கற்றனர். ஊழியர்களுக்கான டைட்டன் குடியிருப்பை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா.

செயின் கோர்த்த பெண்கள்

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது தர்மபுரி மாவட்டத்தில்தான். அங்கே குழுக்களை அமைத்து வந்த மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையுடன், 1990களில் கிராமப் பெண்கள் ‘மெடோ’ என்ற தங்கள் சொந்த நிறுவனத்தை உருவாக்கினர். கடிகாரச் செயின்களின் கண்ணிகளைக் கோர்ப்பது உள்ளிட்ட வேலைகளை இவர்கள் டைட்டனுக்குச் செய்து கொடுத்தனர்.

எஃகுச் செயின் என்பது பல பத்துச் சிறு கண்ணிகளையும் ஊசிகளையும் கொண்டது. கண்ணிகளுக்கு இடையில் இடைவெளி கூடினால் செயின் தளர்ந்து ஒலியெழுப்பும். குறைந்தால் மணிக்கட்டில் வளையாமல் விறைத்து நிற்கும். கடிகாரத்தைக் கையில் எடுத்தவுடன் வாங்குபவர் முதலில் உணர்வது இந்தக் கோர்வையின் நேர்த்தியைத்தான்.

டைட்டன் எட்ஜ்

ஓசூர் ஆலையில் உருவானவற்றுள் சேகரிப்பாளர்கள் தனித்துக் குறிப்பிடுவது 2002இல் வெளியான ‘எட்ஜ்’ ஆகும். அதன் உள்ளியக்கம் 1.15 மி.மீ. தடிமனும், முழுக் கடிகாரம் 3.5 மி.மீ. தடிமனும் கொண்டவை. கூடு மெலிந்தால் நீர் புகாமல் காக்கும் வளையத்திற்கு இடம் குறையும். கண்ணாடியும் பின்மூடியும் அழுத்தத்தில் வளையும். இவற்றைக் கடந்து, நீர்புகாத் தன்மையோடு செய்யப்பட்டதே எட்ஜின் சிறப்பு. பின்னர் 2.2 மி.மீ. தடிமனுள்ள, சாவி கொடுத்து ஓடும் உள்ளியக்கத்துடன் ‘எட்ஜ் மெக்கானிக்கல்’ வகையும் வந்தது.

டாட்டாவின் தனிஷ்க் நகைத் தொழிலகமும் 1990களில் இதே ஊரில்தான் தொடங்கப்பட்டது. உலோகத்தின் எடைக்கு விலை பெறும் பொருளும், வேலைப்பாட்டுக்கு விலை பெறும் பொருளும் ஒரே ஊரில் உருவாயின.

2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அதனுடன் சேர்ந்தது. அதற்கு முன் வெளியான நிறுவன ஆவணங்களிலும் உத்தரவாத அட்டைகளிலும் ஆலை இருந்த மாவட்டம் தர்மபுரியே என்பதைப் பழைய டைட்டன் கடிகாரங்களைத் தொகுப்பவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

புதிய கடிகாரம் வாங்கும்போது

உள்ளியக்கம்: சாவி கொடுப்பது, கை அசைவால் தானே முறுக்கேறும் ஆட்டோமேட்டிக், மின்கலத்தால் ஓடும் குவார்ட்ஸ் என மூவகை உண்டு. குவார்ட்ஸ் கடிகாரம் பொதுவாக மாதத்திற்கு 15 விநாடிக்குள் பிசகும். உயர்தர இயந்திரக் கடிகாரத்திற்கான சுவிஸ் துல்லியச் சான்றிதழே நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்கலையும் 6 விநாடி முந்துதலையும் அனுமதிக்கிறது. எனவே இயந்திரக் கடிகாரத்திற்குக் கூடுதல் விலை தருபவர் துல்லியத்திற்காகத் தருவதில்லை. இயந்திர வேலைப்பாட்டிற்காகத் தருகிறார்.

கூடு: பின்மூடியில் உள்ள பொறிப்பைப் படிக்க வேண்டும். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று மட்டும் இருந்தால் மூடி மட்டுமே எஃகு. மேல்கூடு பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளை அல்லது வேறு மலிவு உலோகம். ‘ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று இருந்தால் முழுக் கூடும் எஃகு. முலாம் பூசியது சில ஆண்டு வியர்வையில் கொம்புகளின் உட்புறத்தில் உரிந்து பச்சை பூக்கும்.

செயின்: கண்ணிகள் திடமானவையா, தகட்டை மடித்துச் செய்தவையா என்று பார்க்க வேண்டும். திடமானவை எடை கூடியவை, நெடுநாள் உழைப்பவை. கண்ணியைக் குறைக்கும்போது கழற்றியவற்றைக் கடைக்காரரிடமிருந்து கேட்டு வாங்கி வைப்பது அவசியம். பின்னாளில் அவை தனியே கிடைப்பது அரிது.

கண்ணாடி: அக்ரிலிக் கண்ணாடியில் எளிதில் கீறல் விழும், ஆனால் மெருகேற்றிச் சரிசெய்யலாம். மினரல் கண்ணாடி நடுத்தரமானது. சபையர் கண்ணாடியில் கீறல் விழுவது மிக அரிது. ஓங்கி மோதினால் உடையலாம்.

நீர்புகாத் தன்மை: ‘30 மீட்டர்’ என்ற குறிப்பு 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருள்படாது. அது கை கழுவுதல், மழைத்தூறல் அளவுக்கானது. நீந்துவதற்கு 100 மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும்.

சர்வீஸ்: தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் இருப்பவர்கள் உயர்விலைச் சுவிஸ் கடிகாரங்களை வாங்கப் பெரும்பாலும் பெங்களூருவுக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியிருக்கும். வாங்குமுன், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம் எந்த ஊரில் உள்ளது, முழு சர்வீஸுக்கு என்ன கட்டணம் என்பதைக் கேட்டறிய வேண்டும். சில இயந்திரக் கடிகாரங்களின் ஒரு சர்வீஸ் செலவில் ஒரு நல்ல புதிய இந்தியக் கடிகாரம் வாங்கிவிடலாம்.

வரியும் ஆவணமும்

கைக்கடிகாரங்களுக்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. இறக்குமதிக் கடிகாரங்களுக்குச் சுங்க வரியும் சேரும். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் இந்தியா செய்த வணிக உடன்படிக்கை 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளதால், சுவிஸ் கடிகாரங்களின் சுங்க வரி படிப்படியாகக் குறைகிறது. 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை விற்பவர், வாங்குபவரிடமிருந்து 1 விழுக்காடு வருமான வரி வசூலிக்கும் முறை 2025 ஏப்ரல் 22 முதல் உள்ளது. இது கூடுதல் வரி அன்று. வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். 2 இலட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகப் பெறுவதற்குச் சட்டத்தில் தடை உள்ளது.

ஆகவே ‘பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்’ என்று சொல்லப்படும் விலை உண்மையில் குறைந்த விலை ஆகாது. பில், பெட்டி, உத்தரவாத அட்டை ஆகியவை இல்லாத உயர்விலைக் கடிகாரத்தைத் திரும்ப விற்கும்போது விலை வெகுவாகக் குறையும்; திருட்டுப் பொருள் என்ற ஐயத்திற்கும் இடம் உண்டாகும்.

பழைய கடிகாரம் வாங்கும்போது

பழைய எச்.எம்.டி., ஃபேவர் லூபா, சீக்கோ கடிகாரங்களைத் தேடுவோர் எதிர்கொள்ளும் பெரிய சிக்கல், புதுப்பிக்கப்பட்டவை அசல் என்று விற்கப்படுவதாகும். பல உடைந்த கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கி, டயலுக்குப் புதிய சாயம் பூசி, பளபளப்பாக்கி இணையத்தில் விற்கின்றனர். அத்தகையவற்றைக் கண்டறியச் சில அடையாளங்கள் உதவும்.

நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத பளிச்சென்ற நிறங்களில் டயல் இருத்தல். டயலில் உள்ள எழுத்துகள் தடித்தோ, கோணியோ, விளிம்பு கலங்கியோ இருத்தல். ஐம்பது ஆண்டுப் பழைய கூட்டில் ஒரு புள்ளியும் இல்லாத புத்தம் புது டயல் இருத்தல். முட்கள் நிமிடக் கோடுகளை எட்டாமல் குட்டையாகவோ அவற்றைத் தாண்டியோ இருத்தல். பின்மூடியில் உள்ள வகை எண்ணும் உள்ளியக்கத்தின் எண்ணும் பொருந்தாமை ஆகியவை அவை. விற்பவர் பின்மூடியைத் திறந்து காட்ட மறுத்தால் அந்தக் கடிகாரத்தைத் தவிர்ப்பதே நல்லது.

மெருகேற்றலும் கவனிக்க வேண்டிய ஒன்று. எஃகுக் கூட்டைப் பஃப் சக்கரத்தில் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது உலோகம் தேய்கிறது. முனைகள் மழுங்கி, கோடிழைத்த பரப்பும் கண்ணாடிபோல் மின்னும் பரப்பும் சந்திக்கும் கூரிய விளிம்பு மறைகிறது. போன விளிம்பை மீட்க முடியாது. இதனால்தான் கீறல்களோடு உள்ள, மெருகேற்றாத கடிகாரத்திற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகின்றனர். தாத்தாவின் வாட்சைப் பாசத்தோடு ‘புதுசாக்கி’ வைப்பவர்கள், அறியாமலேயே அதன் மதிப்பைக் குறைத்துவிடுகின்றனர். உள்ளே எண்ணெயிட்டுச் சர்வீஸ் செய்வதும், டயலையும் கூட்டையும் அப்படியே விடுவதுமே சரியான முறையாகும்.

சுவிஸ் நிறுவனங்களின் போலிகள் தனி வகை. இவற்றின் தரம் உயர்ந்துகொண்டே வருவதால், புகைப்படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் சோதித்த பிறகே பணம் கொடுப்பது பாதுகாப்பானது.

முதலீடாகக் கருதலாமா

சில எஃகுக் கடிகாரங்களின் மறுவிற்பனை விலை கடைவிலையைத் தாண்டிச் சென்றதால், கடிகாரம் ஒரு முதலீடு என்ற எண்ணம் பரவியது. பட்டேக் பிலிப் 2021இல் நாட்டிலஸ் 5711 எண் எஃகு வகையை நிறுத்துவதாக அறிவித்தபோது அதன் சந்தை விலை பல மடங்கு ஏறியது. ஆனால் 2022இன் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்ட மறுவிற்பனைச் சந்தை, அதன் பின் இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் நட்டமடைந்தனர்.

விலை ஏறியவை ஒருசில நிறுவனங்களின் ஒருசில வகைகள் மட்டுமே. பெரும்பாலான கடிகாரங்கள், சுவிஸ் கடிகாரங்கள் உட்பட, கடையை விட்டு வெளியே வந்தவுடன் விலை குறைபவை. தங்கத்திற்கு அன்றன்று அறிவிக்கப்படும் விலையும், எந்த ஊரிலும் வாங்கிக்கொள்ளும் கடையும், அடகு வைக்கும் வசதியும் உண்டு. எஃகுக் கடிகாரத்திற்கு இவை இல்லை; அதை விற்க, அதன் அருமை தெரிந்த ஒருவரைத் தேட வேண்டும். ஆத்திர அவசரத்திற்குக் கைகொடுக்கும் சேமிப்பாக அதைக் கருத முடியாது.

பராமரிப்பு

வெயிலும் வியர்வையும் மிகுந்த தமிழ்நாட்டில் எஃகுக் கடிகாரத்திற்கு முதல் எதிரி, செயின் கண்ணிகளுக்கிடையில் சேரும் உப்பும் அழுக்கும் ஆகும். கழற்றக்கூடிய செயினைத் தனியே எடுத்து, இளஞ்சூட்டு நீரில் சிறிது சோப்புக் கரைசல் விட்டு, மென்மையான பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்தலாம். பழைய கடிகாரங்களை நீரில் நனைக்கக் கூடாது. அவற்றின் ரப்பர் வளையங்கள் இறுகிப்போயிருக்கும்.

இயந்திரக் கடிகாரத்தை ஒலிபெருக்கி, காந்த மூடியுள்ள கைபேசி உறை போன்றவற்றின் அருகில் வைத்தால் சுருள்வில் காந்தமேறி நேரம் முந்தும். கடிகாரப் பழுதுநீக்குபவர் சில நொடிகளில் அதை நீக்கிவிடுவார். பயன்படுத்தாத குவார்ட்ஸ் கடிகாரத்தில் தீர்ந்த மின்கலத்தை விட்டுவைத்தால், அது கசிந்து உள்ளியக்கத்தை அரித்துவிடும். எடுத்து வைக்கும் கடிகாரங்களில் மின்கலத்தை நீக்கிவிட வேண்டும். இயந்திரக் கடிகாரத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையேனும் சர்வீஸ் செய்வது வழக்கம். எண்ணெய் வற்றிய நிலையில் தொடர்ந்து ஓடினால் சக்கர அச்சுகள் தேயும்.

சாவிக் கடிகாரங்களைக் கழற்றி, கழுவி, எண்ணெயிட்டுப் பூட்டத் தெரிந்தவர்கள் குவார்ட்ஸ் வந்த பிறகு குறைந்து வருகின்றனர். மின்கலமும் செயினும் மாற்றித் தரும் கடைகள் எல்லா ஊர்களிலும் இருந்தாலும், சுருள்வில்லைத் தொட்டுச் சரிசெய்பவர் அரிது. அத்தகையவரைக் கண்டறிந்து வைத்துக்கொள்வது சேகரிப்பின் ஒரு பகுதியாகும்.

சேகரிப்பைத் தொடங்குதல்

குறைந்த செலவில் தொடங்க விரும்புவோர்க்குத் தமிழ்நாட்டில் வாய்ப்புகள் உள்ளன. எச்.எம்.டி.யின் சாவிக் கடிகாரங்கள், 1980களின் இறுதியில் வந்த முதல் டைட்டன் குவார்ட்ஸ் வகைகள், 2002இன் முதல் எட்ஜ், சிங்கப்பூரிலிருந்து வந்த சீக்கோ 5 ஆகியவை பல வீடுகளிலேயே கிடக்கின்றன. எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, ஒரு வரம்பை வகுத்துக்கொள்வது பயன் தரும். ஒரே ஆலையின் படைப்புகள், ஒரே பத்தாண்டின் வகைகள், கறுப்பு டயல்கள் மட்டும் என வரம்பு எதுவாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு கடிகாரத்திற்கும் ஒரு குறிப்பு எழுதி வைப்பது நல்ல வழக்கம். வகை எண், வாங்கிய நாள், யாரிடமிருந்து வந்தது, எப்போது சர்வீஸ் செய்யப்பட்டது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பவை அதில் இருக்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தையும் உறையிலிட்டு உடன் வைக்கலாம். குடும்பக் கடிகாரமானால், அதைக் கட்டியிருந்தவர் பெயரும், எந்த வேலையில் அல்லது எந்தத் திருமணத்தில் அது கைக்கு வந்தது என்பதும் சேர வேண்டும். ஓசூர் ஆலையிலோ மெடோ பெண்கள் நிறுவனத்திலோ வேலை செய்தவர்களின் வீடுகளில் உள்ள கடிகாரங்களுக்கு இத்தகைய குறிப்பு இரட்டிப்பு மதிப்புடையது. கடிகாரத்தைச் செய்த கையையும் கட்டிய கையையும் ஒரே தாளில் அது பதிவு செய்துவிடும்.